கடைசிப் பந்தி

சைக்கிளில் உழைப்பது தொடை. பெயர் மட்டும் பாதத்துக்கு. பெடலைத் தொட்டுக்கொண்டிருப்பது அதுதான் என்பதால் வேலை முழுக்க அதனுடையது என்று நினைத்துக்கொள்கிறோம். நடக்கும்போது குதிகால் ஊன்றி, உள்ளங்கால் அமுங்கி, விரல்கள் மடங்கி உந்துகின்றன. ஒவ்வோர் அடியிலும் பாதம் தன்னைத்தானே பிசைந்துகொள்கிறது; அந்தப் பிசைவில் ரத்தமும் ஏறி இறங்குகிறது. பெடல்மேல் இது எதுவும் கிடையாது. தொடை தருகிற விசையைக் கீழே கடத்திவிடுவதோடு பாதத்தின் வேலை முடிந்தது. சூடு உண்டாக்கும் அளவுக்குப் பெரிய தசையும் அங்கே இல்லை. பாதத்தை ஆட்டிவைக்கும் வலுவான தசைகள் கெண்டைக்காலில் இருக்கின்றன. தசைநார்கள்தாம் கீழே இறங்கி வருகின்றன. எலும்பும் நாரும் தோலுமான ஓர் உறுப்பை அசையவிடாமல் வைத்து, குளிர்காற்றில் மணிக்கணக்காகச் சுழற்றிக்கொண்டிருப்பதுதான் பனிக்காலச் சைக்கிள் பயணம். விரல்கள் மரத்துப்போவதில் என்ன ஆச்சரியம்?

காற்றே வீசாத நாளிலும் சைக்கிள்காரருக்குக் காற்று உண்டு. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் தனக்கான காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார். காற்றும் குளிரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை முதலில் அளந்து பார்த்தவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற இரண்டு அமெரிக்கர்கள். 1941-ல் அண்டார்க்டிகாவில், நீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் உருளையைக் கம்பத்தில் ஏற்றி, எந்தக் காற்றில் எவ்வளவு நேரத்தில் அது உறைகிறது என்று குறித்துக்கொண்டார்கள். நீருருளைக்குக் கண்டதை மனிதத் தோலுக்கு அப்படியே சொல்ல முடியாது என்பதால் 2001-ல் அமெரிக்காவும் கனடாவும் கணக்கை மாற்றின. அதற்காக டொரன்டோவில் குளிர்காற்றுச் சுரங்கத்துக்குள் ஆட்களை நடக்கவிட்டு முகத்தின் வெப்ப இழப்பை அளந்தார்கள். அந்தச் சூத்திரப்படி 0 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று அடித்தால் முகத்துக்கு அது மைனஸ் 5. மைனஸ் 10-ல் அதே காற்று மைனஸ் 18. இது முகத்துக்குப் போட்ட கணக்கு. ஷூவுக்குள் இருக்கும் காலுக்குப் பொருந்தாது என்று சொல்லலாம்தான். ஆனால் சைக்கிள் ஷூக்களில் பெரும்பாலானவை கோடையை நினைத்துச் செய்தவை. முன்பக்கம் முழுக்க வலைத்துணியும் அடியில் காற்றோட்டத் துளையுமாக இருக்கும் ஷூவில் கால் ஏறக்குறைய முகம்தான்.

காற்று வெளியே நடப்பது. உள்ளே நடப்பது இன்னும் சுவாரசியமானது. கல்யாண வீட்டில் கூட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகிவிட்டால் முதல் பந்திக்குக் குறை வைக்கமாட்டார்கள். கடைசிப் பந்திக்கு வரும்போது கூட்டு தீர்ந்திருக்கும், ரசம் நீர்த்திருக்கும். உடம்பும் அப்படித்தான் பரிமாறுகிறது. இதயம், மூளை, ஈரல் ஆகியவை 37 டிகிரியில் இருந்தாகவேண்டும். நடுவுடல் குளிரத் தொடங்குகிறது என்று தெரிந்ததும் மூளையின் அடிப்பகுதியிலிருந்து உத்தரவு போகிறது; கைகால் தோலுக்குப் போகும் குழாய்கள் சுருங்குகின்றன. விரல்களில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது. தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் தடித்த சுவர்கொண்ட குறுக்குவழிகள். அவை திறந்திருந்தால் வெதுவெதுப்பான ரத்தம் தாராளமாக வந்துபோகும். மூடிக்கொண்டால் விரல் வெளிக்காற்றின் வெப்பநிலையை நோக்கி இறங்க ஆரம்பித்துவிடும். கைவிரலும் கடைசிப் பந்திதான். ஆனால் கையை அக்குளில் வைத்துக்கொள்ளலாம், வாயால் ஊதலாம். கால்விரலுக்கு அந்த வசதியும் இல்லை.

உடம்பு விரல்களை அடியோடு மறந்துவிடுவதும் இல்லை. லண்டனில் தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவர் 1930-ல் இதைப் பதிவு செய்தார். ஐஸ் நீரில் முக்கிய விரல் முதலில் விறைக்கிறது, சில நிமிடங்களில் தானாகவே கொஞ்சம் சூடேறுகிறது, மறுபடி குளிர்கிறது, மறுபடி சூடேறுகிறது. மூடிய குழாய்கள் அவ்வப்போது திறந்து ஒரு வாய் ரத்தம் அனுப்புகின்றன. நடுவுடலில் சூடு மிச்சமிருந்தால் இது நன்றாக நடக்கும்; உடம்பு முழுவதும் குளிர்ந்திருந்தால் ஏதோ பேருக்கு நடக்கும்.

காலுக்குக் குளிர்ந்தால் தலைக்குக் குல்லா போடு என்று மலையேறிகள் சொல்வது இதனால்தான். உடற்சூட்டில் பாதிக்குமேல் தலைவழியாகப் போய்விடுகிறது என்று இதற்கு விளக்கம் சொல்பவர்கள் உண்டு, அது தப்பு. தலை தன் பரப்பளவுக்குச் சற்று மேலாகவே இழக்கிறது, அவ்வளவுதான். குல்லாவும் மார்புச்சட்டையும் செய்வது வேறு. முதல் பந்தி நிறைந்துவிட்டது என்று உடம்புக்குத் தெரிவிக்கின்றன. முழங்கால் விஷயமும் இதே வகை. பாதத்துக்குப் போகும் ரத்தம் முழங்காலையும் கணுக்காலையும் தாண்டித்தான் போகவேண்டும். அங்கே சதைப்பற்று குறைவு, கணுக்காலில் தோலுக்கடியிலேயே குழாய். மெல்லிய கால்சட்டையோடு பனியில் மிதிப்பவருக்கு ரத்தம் பாதிவழியிலேயே ஆறிவிடுகிறது. விலையுயர்ந்த ஷூ வாங்கியும் விரல் மரத்துப்போகிறது என்று புலம்புகிறவர்கள் கீழே பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் மேலே பார்க்கலாம்.

ஷூவின் கதைக்கு வருகிறேன். இதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு: குளிர்காலத்தில் சைக்கிள்காரர்கள் படும் கால்பாட்டில் பெரும்பங்கு பந்தயக்காரர்களிடமிருந்து வந்த சொத்து.

1988 ஜூன் 5 அன்று இத்தாலியின் ஜிரோ பந்தயம் காவியா கணவாயைக் கடந்தது. உயரம் 2,600 மீட்டருக்கும் மேல். பாதையில் கணிசமான பகுதி மண்சாலை. மேலே பனி கொட்டிக்கொண்டிருந்தது. முதலில் உச்சியைத் தொட்டவர் ஹாலந்தின் யோஹான் ஃபான் டெர் வெல்டே, அரைக்கைச் சட்டையோடு. ஏறும்வரை அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏறுகிற உடம்பு அடுப்பெரிகிற வீடு. இறக்கத்தில் தொடைகள் ஓய்ந்தன, காற்று வேகம் பிடித்தது, நனைந்த உடம்பில் சூடு உற்பத்தி நின்றது. வழியில் ஒதுங்கிக் கதகதப்பேற்றிக்கொண்டு போர்மியோவுக்கு அவர் வந்து சேர்ந்தபோது 40 நிமிடங்களுக்கும் மேல் பின்தங்கியிருந்தார். அமெரிக்கரான ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் அணி அன்று காலையிலேயே கடைகளில் நுழைந்து, பனிச்சறுக்குக்காரர்கள் போடும் உடுப்புகளை அள்ளிக்கொண்டு வந்திருந்தது. அவர் உடம்பில் கம்பளிக்கொழுப்பைப் பூசிக்கொண்டு, தடித்த கையுறையோடு இறங்கினார். அன்றைய வெற்றி எரிக் பிரியூகிங்குக்கு. முதன்மைக்கான இளஞ்சிவப்புச் சட்டை ஹாம்ப்ஸ்டனுக்கு. கடைசியில் பந்தயமும் அவருக்கே.

இந்தக் கதையை வீரகாவியமாகச் சொல்வார்கள். எனக்கு இதில் பிடித்தது, திறமைசாலிகள் கூடியிருந்த இடத்தில் காலையில் கடைக்குப் போகத் தோன்றியது ஓர் அணிக்குத்தான் என்பது. பந்தய உலகில் குளிர் என்பது தாங்கிக்கொள்ளவேண்டிய ஒன்று. ஏற்பாடு செய்துகொள்ளவேண்டிய ஒன்றல்ல. 1980-ல் லியேஜ்–பாஸ்டோன்–லியேஜ் பந்தயத்தில் பனிப்பொழிவுக்கிடையே 174 பேர் கிளம்பி 21 பேர்தான் முடித்தார்கள். பெர்னார் ஹினோ 9 நிமிடங்களுக்கும் மேலான வித்தியாசத்தில் வென்றார். அன்று விறைத்த இரண்டு விரல்களில் உணர்ச்சி பழையபடி திரும்பவேயில்லை. அதே ஹினோதான் 1985-ல், லுக் நிறுவனம் முந்தைய ஆண்டு கொண்டுவந்த புதுவகைப் பெடலில் மிதித்து டூர் தெ பிரான்ஸை வென்றார். லுக் அதுவரை பனிச்சறுக்குக் கட்டைகளுக்குப் பூட்டு செய்துவந்த நிறுவனம். ஷூவின் அடியில் ஒரு கொக்கி, பெடலில் ஒரு பூட்டு. மிதித்தால் மாட்டிக்கொள்ளும், குதிகாலைத் திருப்பினால் விடும். அதற்கு முன்னால் தோல் வார்; அதைக் கையால் இழுத்துக் கட்டுவார்கள், விரல்களுக்கு ரத்தம் நிற்கும். வார் போனது நல்லதுதான். ஆனால் பூட்டுக்குப் பொருந்த ஷூவின் அடி வளையாத தகடானது. பாதம் உள்ளே கொஞ்சமும் நகரக்கூடாது என்றாயிற்று. 1990-ல் ஷிமானோ சின்ன உருக்குக் கொக்கியோடு மலைச்சைக்கிள்காரர்களுக்கும் அந்தப் பூட்டைக் கொடுத்தது. பிறகு வேலைக்குப் போகிறவர், காய்கறி வாங்கப் போகிறவர் எல்லோரும் பந்தயக்காரரின் காலோடு மிதிக்க ஆரம்பித்தார்கள்.

கொக்கியின் உலோகம் வழியாகச் சூடு இறங்கிவிடுகிறது என்று சைக்கிள்காரர்கள் குறைபட்டுக்கொள்வார்கள். உண்மைதான், அசையாத காற்றைவிட உருக்கு ஆயிரம் மடங்குக்கும் மேலாகச் சூட்டைக் கடத்தும், அது விரல்களுக்குப் பின்னாலுள்ள உள்ளங்கால் மேட்டுக்கு நேர்கீழே இருக்கிறது. ஓர் அட்டையை வெட்டி உள்ளே போட்டால் நன்றாகவே வித்தியாசம் தெரியும். இருந்தாலும் கொக்கிக்கு அதன் தகுதிக்கு மீறிய பழி விழுகிறது என்றே நினைக்கிறேன். பெரிய குற்றவாளி இறுக்கம். குளிர்கிறதே என்று அதே ஷூவுக்குள் இரண்டாவது சாக்ஸைத் திணிப்பவருக்கு நடப்பதைப் பாருங்கள். கம்பளி நசுங்குகிறது, அதன் இழைகளுக்கிடையே இருந்த காற்று வெளியேறுகிறது. சூட்டைத் தடுப்பது கம்பளியல்ல, அது பிடித்துவைத்திருக்கும் காற்று. தோலுக்கடியில் ஏற்கெனவே சுருங்கிப்போன குழாய்கள் இப்போது வெளியிலிருந்தும் அமுக்கப்படுகின்றன. ஒற்றைச் சாக்ஸில் தாங்கிய குளிரை இரட்டைச் சாக்ஸில் தாங்க முடியவில்லை என்று அவர் வந்து சொன்னால் நம்பத்தான் வேண்டும்.

இடம் விடுவதன் அருமை பழைய ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. 1991-ல் ஆஸ்திரிய–இத்தாலிய எல்லையில், பனியாற்றில் புதைந்த மனிதன் ஒருவன் வெளிப்பட்டான். ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முந்தையவன். ஓட்ஸி என்று பெயர் வைத்தார்கள். அவன் அம்பையும் கோடரியையும் பற்றி எழுதியவர்கள் பலர். என் கவனம் போனது அவன் செருப்புக்கு. அடி கரடித்தோல், மேலே மான்தோல், உள்ளே மரநாரால் பின்னிய ஒரு வலை. தோலுக்கும் வலைக்கும் நடுவே காய்ந்த புல். வலை இருப்பது புல்லை அதனதன் இடத்தில் நிறுத்தத்தான். காற்றைப் பிடித்துவைக்கப் புல், புல்லைப் பிடித்துவைக்க வலை, எல்லாவற்றையும் மூடத் தோல். செக் நாட்டு ஸ்லின் நகரில் பெட்ர் ஹ்லாவாசெக் என்ற காலணிப் பேராசிரியர் அதே மாதிரி செய்து மலையில் போட்டுப் பார்க்கவும் செய்தார். அவர் வேலைபார்த்த பல்கலைக்கழகத்தின் பெயர் தோமாஷ் பாட்டா பல்கலைக்கழகம். நம் பள்ளிக்கூட நாட்களின் கறுப்பு ஷூவைச் செய்த அதே பாட்டாதான். 1894-ல் ஸ்லினில் தொடங்கியது. விறைத்த தோலில் குதிகால் உரசிக் கொப்புளம் வாங்கித்தந்த அந்த ஷூவை நினைத்தால், 5,300 ஆண்டுகளில் முன்னேற்றம் எந்தத் திசையில் போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது.

வடக்கு ஸ்காண்டிநேவியாவின் சாமி மக்கள் கலைமான்தோல் காலணிக்குள் நீர்க்கரைப் புல்லை வைத்தார்கள். நாம் பாய் முடையும் கோரையின் குடும்பத்தைச் சேர்ந்த புல் அது. கோடையில் அறுத்து, அடித்து, சீவி, காயவைத்து, வளையமாகச் சுற்றி வைத்துக்கொள்வார்கள். 1911-ல் தென்துருவத்தை எட்டிய அமுண்ட்சனின் ஆட்களும் அந்தப் புல்லோடுதான் போனார்கள். இதில் சூட்சுமம் இரவில் இருக்கிறது. பகலில் வியர்வையை உறிஞ்சிய புல்லை எடுத்து உதறிக் காயவைக்க முடியும். சைக்கிளுக்கென்று விற்கும் நியோப்ரீன் மேலுறை காற்றை அருமையாக நிறுத்தும்; ஆனால் உள்ளே வியர்த்தால் அந்த ஈரத்துக்குப் போக்கிடம் கிடையாது. நீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாகச் சூட்டைக் கடத்துவது. நீண்டதூரப் பயணிகள் சிலர் இதற்குக் குறுக்குவழி வைத்திருக்கிறார்கள்: மெல்லிய சாக்ஸின்மேல் ஒரு பிளாஸ்டிக் பை, அதன்மேல் தடித்த கம்பளி. பைக்குள் கால் பிசுபிசுக்கும். கம்பளியாவது நனையாமல் பிழைக்கும். அலாஸ்கா வரைக்கும் போகிறவர்களுக்கு அது சரி. பக்கத்துத் தெருவுக்குப் போகிறவர்களுக்கு நல்ல கம்பளி சாக்ஸ் ஒன்றே போதும். தன் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் கம்பளி நனைந்த உணர்வைத் தராது. பருத்தி அப்படியல்ல.

ஈரமும் இறுக்கமும் சேர்ந்தால் உறைநிலைகூடத் தேவையில்லை. முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளில் ஆயிரக்கணக்கானோரின் பாதங்கள் அழுகியது 0 டிகிரிக்கு மேலே இருந்த சேற்றுநீரில். பிரிட்டிஷ் ராணுவம் திமிங்கில எண்ணெயைத் தேய்க்கச் சொன்னது, காய்ந்த சாக்ஸை முன்னணிக்கு அனுப்பியது, சிப்பாய்கள் இருவரிருவராக ஒருவர் காலை ஒருவர் பார்க்க ஏற்பாடு செய்தது. கூடவே இன்னொரு கட்டளை: பூட்ஸையும் காலில் சுற்றும் பட்டியையும் தளர்த்திக் கட்டு.

பின்லாந்தின் ஔலு நகரம் ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. ஜனவரியில் மைனஸ் 10 சாதாரணம். மைனஸ் 20-ம் வரும். பனிக்காலச் சைக்கிள் பயணத்துக்கென்று நடக்கும் உலக மாநாடு 2013-ல் இங்கேதான் தொடங்கியது. வெளியூர்க்காரர்கள் அதிசய உபகரணங்களை எதிர்பார்த்து வருவார்கள் போலும். இங்கே மிதிப்பவர்களின் காலில் இருப்பது நடப்பதற்கான அதே தடித்த பனிக்காலணி, விரல்களை ஆட்ட இடம்விட்டு வாங்கியது. உள்ளே பெரும்பாலும் வீட்டில் பின்னிய கம்பளி சாக்ஸ். பெடல் தட்டையான சாதாரணப் பெடல். கால் அதன்மேல் எப்படியும் உட்காரலாம், நகரலாம், சிக்னலில் இறங்கி இரண்டு உதை உதைத்துக்கொள்ளலாம். பாதையில் பனியைத் தார்வரை வழிப்பதில்லை. அமுக்கி, மேலே கீறல் போட்டு விடுகிறார்கள். அந்தக் குளிரில் அமுங்கிய பனி மணலாட்டம் காய்ந்து கிடக்கும், ஷூ நனைவதில்லை. யாரும் வேகமாகப் போவதில்லை என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். வேகம் குறைந்தால் காற்று குறைகிறது, வியர்வையும் குறைகிறது. குழந்தைகள் காப்பகங்களில் ஈரத்துணியும் காலணியும் காயவைக்கச் சூடேற்றிய அலமாரி இருக்கிறது. வீட்டுவாசலில் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போகும் வழக்கம் நம்மைப் போலவே அவர்களுக்கும் உண்டு. ஆகவே காலணி ஒவ்வொரு நாளும் உலர்கிறது. கீழே பார்க்காமல் வாழ்கிறார்கள் என்று சொல்லலாம்.

ஆக, பாதத்தின் கதகதப்புக்கு வேண்டியவை அதிகமில்லை: உள்ளே இடம், உலர்வு, அவசரமின்மை, முடிந்தால் நடுவில் இறங்கி ஓர் ஐந்து நிமிட நடை. கடைசியாகச் சொன்னதற்கு ஈடான உபகரணம் எந்தக் கடையிலும் கிடைக்காது. பெடலில் கிடந்த பாதம் மறுபடி பிசைந்துகொள்ளத் தொடங்கும். விரல்களில் முதலில் ஊசி குத்தும், பிறகு எரியும். அந்த எரிச்சல் நல்ல சேதி.

இந்தப் பட்டியலில் எதுவுமே கிடைக்காதவர்களும் பனியில் மிதிக்கிறார்கள். டொரன்டோவின் தெருக்களில் மின்சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் இளைஞர்களில் இந்தியாவிலிருந்து படிக்கவந்தவர்கள் பலர், நம்மவர்களும் உண்டு. மோட்டார் இழுப்பதால் தொடைக்கும் வேலை இல்லை. காவியாவில் இறங்கியவருக்கு இறக்கத்தில் மட்டும் வந்த நிலை இவர்களுக்கு நாள் முழுக்க. அந்த நகரம் சாலையில் உப்புக் கொட்டுகிறது. உப்பு கலந்த பனி உறைநிலைக்குக் கீழேயும் நீராகவே இருக்கும். மைனஸ் 5 டிகிரிச் சேற்றுநீர் முன்சக்கரத்திலிருந்து தெறித்து வலைத்துணி ஓட்டஷூவுக்குள் போகிறது. ஔலுவின் மைனஸ் 15 இதற்கு எவ்வளவோ மேல். பிளாஸ்டிக் பை இவர்கள் காலிலும் இருக்கிறது, கடைப் பொட்டலம் வந்த பை.

இவர்களுக்கு நல்ல பூட்ஸ் வாங்கச் சொல்லிப் புத்திமதி சொல்பவர்கள் இருக்கிறார்கள். வாங்கலாம்தான், ஆனால் இங்கே இறுக்கிப் பிடித்திருப்பது ஷூ அல்ல. ஒன்டாரியோ மாகாணத்தில் செயலிவழித் தொழிலாளர்களுக்கான சட்டம் 2025 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது. குறைந்தபட்சக் கூலி உண்டு என்கிறது அது. கூலிக் கணக்கு தொடங்குவது ஓர் ஆர்டரை ஏற்றுக்கொண்ட நேரத்திலிருந்து. முடிவது அதைக் கொடுத்து முடித்ததும். ஓர் ஆர்டருக்கும் அடுத்ததற்கும் நடுவே, உணவகங்கள் இருக்கும் தெருமுனையை விட்டு விலகாமல் வண்டியோடு நிற்கிற நேரம் அந்தக் கணக்கில் வராது. பாதம் விறைப்பது அந்த நேரத்தில்தான்.